ஆறு விடுதிகளும் ஒரு காடும்

மெல்பேர்ண் விமான நிலையத்தில் என் பை வரவில்லை. சிட்னியில் சுங்கச் சோதனை முடிந்ததும் உள்நாட்டு விமானத்துக்கென்று என் கையாலேயே பட்டியில் தூக்கி வைத்த பை அது. ஒன்றரை மணி நேரப் பறப்பில் அது எங்கே காணாமல் போனது என்று கேட்டேன். முறைப்பாட்டு மேசையிலிருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டிச் சிரித்தார். "கவலைப்பட ஒன்றுமில்லை. நீங்கள் முன்னால் போங்கள், பை பின்னால் வரும். நாளைக்கு வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து தருவார்கள்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பின்னால் வரும் பைகளைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்து மூன்று வயது மனிதன் ஒரு மாற்றுச் சட்டைக்காக இப்படிக் குதிக்கிறானே என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பெண் பற்தூரிகையும் வெள்ளை பனியனும் போட்ட சிறு பொதியொன்றைத் தந்து என்னைப் பக்குவமாக அனுப்பிவைத்தார்.

வெளியே குணம் நின்றான். யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். இப்போது மெல்பேர்ணின் ஓரத்திலுள்ள கிரெய்கிபர்னில் மனைவியோடும் மகளோடும் இருக்கிறான். கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டிருந்தான். வெறும் கையோடு வந்த என்னைப் பார்த்து அவனுக்கு ஒரே சிரிப்பு.

"பையில்லாமலே வந்தனி? நல்லதுதான் மச்சான், இப்பவே பழகு. அங்கையும் நாங்கள் பை காவத் தேவையில்லை."

அங்கே என்று அவன் சொன்னது ஐரோப்பாவை. 2012 ஜூன் மாதம் அது. செப்டெம்பரில் அவனும் நானும் ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் இடையிலிருக்கும் எல்லைக் காட்டோரமாக ஏழு இரவு நடப்பதாகத் திட்டம். வழிகாட்டி யாரும் வரமாட்டார். ஒரு கம்பனி வரைபடத்தைத் தந்துவிடும். காலையில் ஒரு விடுதியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மாலையில் அடுத்த கிராமத்து விடுதி. பைகளை அவர்களே வாகனத்தில் கொண்டுபோய் அறையில் வைத்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள் ஆசையோடு செய்கிற காரியம். அதைத் திட்டமிடவும் நடந்து பழகவும்தான் குணம் என்னை ரொறன்ரோவிலிருந்து இரண்டு கிழமைக்குக் கூப்பிட்டிருந்தான். நான் வந்தது அந்தப் பயணத்தை எப்படியாவது நிறுத்துவதற்கு.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே காட்டுக்குள்ளால் நான் ஒருமுறை நடந்திருக்கிறேன். அப்போது யாரும் வரைபடம் தரவில்லை. ஏஜென்டின் ஆள் ஒருவன் முன்னால் போனான், நாங்கள் பதினொரு பேர் பின்னால் போனோம். அதில் ஒருவன் குணத்தின் தம்பி ரவி. இருபத்திரண்டு வயது. கொழும்பில் அவனை என்னிடம் ஒப்படைக்கும்போது குணம், "உன்னை நம்பித்தான் விடுறன்" என்றான். ரவி ஜெர்மனிக்கு வந்து சேரவில்லை.

அகதி முகாமிலிருந்து தொலைபேசியில் நான் குணத்துக்கு ஒரு கதை சொன்னேன். வழியில் ரவிக்கு நெஞ்சுச்சளிக் காய்ச்சல் கண்டது, ஒரு கிராமத்து விடுதிக்காரி கதவைத் திறந்து உள்ளே எடுத்தாள், வெள்ளைவிரிப்புக் கட்டிலில் கம்பளி போர்த்திக் கிடத்தினாள், விடியும்போது உயிர் போனது, பாதிரியாரைக் கூப்பிட்டுத் தேவாலயத்து மயானத்தில் அடக்கம் செய்வதாகச் சொல்லி எங்களை அனுப்பிவைத்தாள். கேட்டுக்கொண்டிருந்த அவன் அழுகையை நிறுத்தவேண்டும் என்று கட்டிலுக்கு மேல் கட்டிலாக அடுக்கிக்கொண்டே போனேன். உண்மையில் விடுதிக்காரியும் இல்லை, கட்டிலும் இல்லை. ரவியை நாங்கள் ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த நாள் மதியம் ஒரு பஞ்சாபிக்காரர் வான் வண்டியில் வந்து என் பையை வாசலில் வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பின்னால் வரும் என்று சொன்ன பை உண்மையாகவே வந்து சேர்ந்ததை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை, ஆத்திரந்தான் வந்தது.

கிரெய்கிபர்ன், ரொறன்ரோவில் எங்கள் ஸ்காபரோ மாதிரி இல்லை. வீடுகளெல்லாம் நேற்றுத்தான் பெட்டியைப் பிரித்து எடுத்து வைத்தவை போலிருந்தன. ஒரே நிறக் கூரை, ஒரே கராஜ் கதவு. நடந்து பழகவென்று முதல் நாள் வெளிக்கிட்டு, நாலு சுற்றுவட்டம் தாண்டியதும் எந்த வீடு குணத்தின் வீடு என்று தெரியாமல் விழித்தேன். ஜூன் குளிர் என்று பயமுறுத்தினார்கள். கனடாக்காரனுக்கு அது குளிரே அல்ல, ஆனால் வீட்டுக்குள்ளும் அதே குளிர் இருப்பதுதான் புதுமை. ஹீட்டருக்குப் பக்கத்திலே பூனை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

குணத்தின் மனைவி சுகந்தி நன்றாகச் சமைப்பார். இடியப்பமும் சொதியும் கணவாய்க் கறியும் வைத்தார். மேசையில் கறிச்சட்டிக்குப் பக்கத்தில் மகள் மதுராவின் மடிக்கணினி. பல்கலைக்கழக விடுமுறையில் இருந்த அவள்தான் இந்தப் பயணத்தின் பொறுப்பாளி. எந்த விடுதி, எத்தனை கிலோமீற்றர், காலைச் சாப்பாட்டில் முட்டை உண்டா என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

"அங்கிள், நீங்க சொன்ன ஏரியாவில ஏழு வில்லேஜ் இருக்கு," என்றாள். "ஏழு சேர்ச்சுக்கும் ஈமெயில் அனுப்பியிருக்கிறன். சித்தப்பாவின்ர கிரேவ் எதிலயாவது இருக்கும்தானே?"

எடுத்த கணவாய்த் துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினேன். இருபது வருடத்துக்கு முந்திய பொய்யை ஒரு பிள்ளை ஈமெயில் அனுப்பித் தேடும் என்று நான் கனவிலும் நினைத்தவனில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் குணம் சாமி அறையிலிருந்து ஒரு சின்னத் துணிமுடிச்சைக் கொண்டுவந்து அவிழ்த்தான். ஒரு சோடி தங்கக் காப்பு. போன வருடம் இந்த வீட்டில் காலமான அவனுடைய தாயின் கையில் கிடந்தவை.

"அம்மா சாகேக்க கழட்டித் தந்தவ. அந்த விடுதிக்கார மனிசியிட்டைக் குடுக்கச் சொன்னவ. மனிசி உயிரோடை இல்லையெண்டால் அவவின்ரை மகளுக்கெண்டாலும் குடுக்கட்டாம். என்ரை பிள்ளையைக் கட்டிலிலை கிடத்தினவள் எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பா."

சுகந்தி இன்னொரு விஷயமும் சொன்னார். மாமி வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றும்போது, பெயர் தெரியாத அந்த ஜெர்மன்காரிக்கும் ஒரு திரி வைப்பாராம். நான் கை கழுவப் போவதாகச் சொல்லி எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மூன்றாம் நாள் ஸ்பிரிங்வேலுக்குச் சப்பாத்து வாங்கப் போனோம். கிரெய்கிபர்னிலிருந்து நகரத்தின் மறுகோடி அது. வியட்நாம்காரர் கடையில் பன்றி இறைச்சி வைத்த மொறுமொறு பாணை வாங்கித் தெருவில் நின்றபடியே கடித்தோம். பச்சை மிளகாய் மூக்கில் ஏறியது. ரொறன்ரோவிலும் இது கிடைக்கும், ஆனால் அங்கே இந்த உறைப்பு இல்லை. குணம் நடைத்தடி இரண்டு சோடி வாங்கினான். கடைக்காரர் எங்கள் வயிறுகளைப் பார்த்துவிட்டு, "மலையா, சமவெளியா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

அவனுடைய உற்சாகத்தைப் பார்க்க உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. முழங்கால் நோவு என்றேன். தைலம் வாங்கித் தந்தான். செப்டெம்பரில் விடுமுறை கிடைக்காது என்றேன். அப்படியென்றால் ஒக்டோபர் என்றான். இதற்கிடையில் மூன்று தேவாலயங்களிலிருந்து பதில் வந்துவிட்டது. அந்தக் காலத்து அடக்கப் பதிவில் அப்படியொரு பெயர் கிடையாது என்று மூன்றும் எழுதியிருந்தன.

ஐந்தாம் நாள் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் தனியே நகரத்துக்குப் போய் ஆற்றங்கரையில் உலாவினேன். திரும்பும்போது ரயில் பாதிவழியில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் வேலையாம், எல்லோரும் இறங்கிப் பேருந்துக்கு வரிசையில் நிற்க வேண்டுமாம். முக்கால் மணி நேரம் எதிர்காற்றில் நின்றோம். நான் சுகந்தியோடு தொலைபேசியில் பேசியதைக் கேட்டுவிட்டுப் பின்னால் நின்றவர், "அண்ணை யாழ்ப்பாணமோ?" என்றார்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். படகில் வந்தவர். தற்காலிக விசா. வழக்கு இழுபடுகிறது, பெண்சாதியும் பிள்ளைகளும் வவுனியாவில். நான் எதற்கு மெல்பேர்ணுக்கு வந்தேன் என்று கேட்டார். வேறு பொய் கைவசம் இல்லாததால் நடைத்திட்டத்தைச் சொன்னேன்.

"காட்டுக்குள்ளாலை நடக்கிறதுக்கு?" என்றார். "காசு குடுத்தோ?"

"ஓம்."

"திரும்பி வரலாமோ?"

"ஓம், பாஸ்போட் இருக்கு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணை, எனக்கு மட்டும் நிரந்தர விசா தந்தாங்களெண்டால் நான் ஓரிடமும் நடக்க மாட்டன். வாசல்லை ஒரு கதிரையைப் போட்டு இருப்பன், அவ்வளவுதான்."

பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். இறங்கும்போது, "போட்டு வாறன் அண்ணை" என்றார். அவருடைய பெயரைக் கேட்கவில்லையே என்று பிறகுதான் நினைத்தேன்.

வீட்டில் கொண்டாட்டம். மதுரா ஒரு விடுதிக்காரியைக் கண்டுபிடித்துவிட்டாள். எழுபத்தெட்டு வயதுக் கிழவி, அந்த விடுதியை இன்றைக்கும் அவள்தான் நடத்துகிறாள். பேத்தி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை மதுரா தமிழாக்கி வாசித்தாள்: "அந்த வருடங்களில் காட்டிலிருந்து மனிதர்கள் வருவார்கள். ஓமா, எங்கள் பாட்டி, அவர்களுக்குச் சூப் கொடுத்திருக்கிறாள். உலர்ந்த காலுறை கொடுத்திருக்கிறாள். யாராவது இங்கே இறந்தார்களா என்பது அவளுக்கு நினைவில்லை. ஆனால் அவளுக்கு இப்போது நிறைய விஷயங்கள் நினைவில்லை."

குணம் பேத்தி கூடவே அனுப்பியிருந்த கிழவியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டேயிருந்தான். "இவதான் மச்சான், என்ன? முகத்தைப் பார் எவ்வளவு சாந்தம்." நான் தலையாட்டினேன். அதுதான் ரவி விஷயத்தில் நான் செய்த இரண்டாவது மோசடி. ஆனால் எனக்குள் ஒரு நிம்மதி வந்ததையும் மறைக்கவில்லை. மறதிக்காரக் கிழவி ஒருத்தி, தங்கக் காப்பு, கண்ணீர், சேர்ந்து ஒரு படம். இத்தோடு முடிந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து மிச்ச நாலு தேவாலயமும் பதில் எழுதின. ஒன்றிலும் ரவி இல்லை. பெயர் தெரியாத பிணம்கூட இல்லை.

குணத்தின் முகம் கறுத்தது. "அப்ப அவள் அவனை என்ன செய்தவள்?" என்றான். "பாதிரியாரைக் கூப்பிட்டுப் புதைக்கிறன் எண்டது பொய்தானே? நீங்கள் போன பிறகு பொலிசுக்குப் பயந்து எங்கையோ குழியிலை எறிஞ்சிருக்கிறாள். மதுரா, அந்த ஊர்ப் பொலிசுக்கு எழுது. அவளின்ரை பேரைப் போட்டு எழுது. கிழவியெண்டால் என்ன, விசாரிக்கட்டும்."

மதுரா எழுதத் தொடங்கினாள். நான், "நாளைக்கு அனுப்பலாம் பிள்ளை. அப்பாவும் நானும் நாளைக்கு நடக்கப் போறம்தானே, வந்து அனுப்பலாம்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடினாள்.

மறுநாள் டண்டினோங் மலைக்குப் போனோம். மரங்கள் கழுத்து நோகுமட்டும் உயரம். அடியில் ஆளுயரத்துக்கு விசிறி இலை விரித்த பன்னச் செடிகள். மழை நின்றாலும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டேயிருந்தது. புதுச் சப்பாத்து குதியைக் கடித்தது. எதிரில் வந்த ஒரு வயதான சோடி, "அழகான காலை, இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனது. ஏற்றத்தில் குணத்துக்கு மூச்சு வாங்கியது. ஈரமான பலகை ஆசனம் ஒன்றில் உட்கார்ந்தோம்.

"அந்த மனிசியை விடு, குணம்" என்றேன். "அவ ஒண்டும் செய்யேல்லை. அப்பிடி ஒரு மனிசியே இல்லை."

அவன் திரும்பினான். நிறுத்தினால் பிறகு வராது என்று தெரியும், அதனால் ஒரே மூச்சில் சொன்னேன். கடைசியாக எங்களை மறைத்து வைத்திருந்த வீட்டில் ஏஜென்டின் ஆள், இரண்டு மணி நேர நடைதான், பைகள் வான் வண்டியில் பின்னால் வரும் என்றான். ரவிக்குத் தொய்வு வருத்தம். மூச்சு முட்டும்போது அடிக்கிற பம்ப்பை அவன் எப்போதும் காற்சட்டைப் பொக்கற்றில் வைத்திருப்பான். அவன் அசையும்போதெல்லாம் அது சாவிக்கொத்தில் பட்டுக் கிலுங்கியது. சத்தம் கேட்டால் அந்த ஆள் அடிப்பான். பையில் போடு, இரண்டு மணி நேரம்தானே என்று ரவியிடம் சொன்னது நான். இரண்டு மணி நேரம் இரண்டு இரவாகியது. பை வரவேயில்லை.

"ரண்டாம் நாள் அவனாலை ஏலாமல் போச்சுது. கொஞ்சத்தூரம் நான் முதுகிலை காவினன். பிறகு என்னாலையும் ஏலேல்லை. விட்டிட்டு வா, இல்லாட்டி எல்லாரும் பிடிபடுவம் எண்டு சொன்னாங்கள். ஒரு மரத்திலை சாய்ச்சு இருத்தி, என்ரை சுவெட்டரைப் போட்டுவிட்டன்."

குணம் தரையைப் பார்த்தபடி கேட்டான். "செத்துப்போனவனோ?"

"இல்லை."

"மூச்சு இருந்ததோ?"

"இருந்தது. 'அண்ணை, பை எப்ப வரும்?' எண்டு கேட்டவன். இப்ப வந்திடுமெண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் எழுந்து தடிகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். நான் பத்தடி பின்னால் போனேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இருபது வருடமாகச் சொல்லாததைச் சொன்னால் நெஞ்சு இலேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த மூன்று நாளும் குணம் என்னோடு பேசவில்லை. நான் எழும்புவதற்கு முன்பே வேலைக்குப் போனான், நான் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டான். சுகந்தி, "ரண்டு பேருக்கும் என்ன, இந்த வயதிலை கோபம்?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பயணச்சீட்டை மாற்றி முன்கூட்டியே போய்விடலாமா என்று யோசித்தேன். எழும்பி ஓடுவது எனக்குப் பழகிய வேலை என்பதால்தான் போகாமல் இருந்தேன்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் சாயந்தரம் குணம் நேரத்தோடு வந்தான். சுகந்தி சோறும் றால் கறியும் பரிமாற, நால்வரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அவன் மகளிடம் பேசினான்.

"பொலிசுக்கு எழுதினதை அனுப்பாதை. அந்தக் கிழவி வேறை ஆள். அங்கிளுக்கு இப்பத்தான் சரியான இடம் ஞாபகம் வந்திருக்கு. காட்டுக்குள்ளையாம்."

சுகந்தியின் கரண்டி பாதியில் நின்றது. மதுரா என்னைப் பார்த்தாள். "காட்டுக்குள்ள எங்க, அங்கிள்?"

"ஒரு சின்ன ஆறு. அதுக்குக் கிட்ட, வேட்டைக்காரர் ஏறி இருக்கிற மரப்பரண் ஒண்டு இருந்தது. அதிலிருந்து கொஞ்சத்தூரம்" என்றேன். "சரியா அந்த மரம்தான் எண்டு என்னாலை சொல்லேலாது."

"கிட்டத்தட்டத் தெரிஞ்சால் போதும்" என்றான் குணம். மூன்று நாளுக்குப் பிறகு அவன் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை. முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "நீ வந்து காட்டவேணும்."

"வாறன்."

அவன் மகளிடம் திரும்பினான். "நாலாம் நாளைக்கு விடுதி போடாதை, பிள்ளை. அண்டைக்கு நாங்கள் அங்கை இருப்பம்."

"அப்பா, காட்டிலயா? குளிரும். பாக் எல்லாம் அடுத்த ஹோட்டலுக்குப் போயிடுமே."

"பை எங்களோடை இருக்கட்டும். நான் காவுறன்."

மதுரா கெட்டிக்காரி. எவ்வளவு விளங்கிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. மடிக்கணினியை இழுத்து ஏதோ அழித்தாள், ஏதோ எழுதினாள்.

"சரி, மற்ற ஆறு நைட்டும் ஹோட்டல் இருக்கு. அப்பாவுக்கும் அங்கிளுக்கும் ஒரே ரூம் எண்டுதான் முதல்ல போட்டிருந்தனான். அப்பிடியே விடவா?"

குணம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"இல்லை" என்றான். "வேறை வேறை அறை போடு."